எண்ணறிவும் ஆராய்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோணேசப் பெருமானின் திருவருளை முன்னிட்டு உங்கள் முன் சில வார்த்தைகள் கூற வந்துள்ளோம். ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசுவது வழக்கம். அவ்வழக்கத்திலிருந்து சிறிது விலகி, இன்று கணக்கைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். கணக்கு என்றதும் பின்வரிசையிலுள்ள வாலிபர் சிலர் வாசற்பக்கம் நோக்குவதைக் காண்கிறோம். அவர்கள் பொறுத்தருள வேண்டும்; முதலிலே ஒரு கதை சொல்லி அமர்த்திவிடுகிறோம்.

நளன் கதை நீங்கள் அறிந்ததே. நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, உருமாறி, இருதுபன்ன மன்னனுக்குத் தேர்ப்பாகனாக இருந்தான் நளன். தமயந்தியின் இரண்டாம் சுயம்வரம் என்று கேட்டு இருவரும் விதர்ப்ப நாட்டுக்கு விரைகிறார்கள். தேரோட்டத்தில் நளன் காட்டிய திறமையைக் கண்ட மன்னன், தன் வித்தையையும் காட்ட விரும்பி, வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைச் சுட்டி, அதன் இரு கிளைகளில் 2,095 பழங்கள் உள்ளன என்றான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்தே தீருவேன் என்று நின்றான். எண்ணினான், கணக்குச் சரியாயிருந்தது. வியந்த நளன் தன் குதிரை நூலைத் தருவதாகச் சொல்லி, மன்னனிடமிருந்து எண்ணின் மறையையும் சூதின் மறையையும் பெற்றான். பெற்ற அக்கணமே அவனைப் பற்றியிருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறியது என்கிறது பாரதம்.

இக்கதையிலே இரண்டு பாடம் உண்டு. சிறு பகுதியைப் பார்த்து முழுமையை மதிக்கும் வித்தையும், சூதாட்டத்தில் எது எத்தனை தடவை விழக்கூடும் என்று அறியும் வித்தையும் ஒரே ஆசானிடம் ஒன்றாக இருந்தன என்பது ஒன்று. மன்னன் சொன்னான் என்பதற்காக நம்பிவிடாமல், தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்த்தான் நளன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் என்று கற்பிக்கப்படும் சாத்திரம்.

இதனை ஏன் இங்கே பேசுகிறோம்? நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பட்டம் பெற்று, மேற்கொண்டு முதுமாணி, கலாநிதி ஆராய்ச்சிக்குச் செல்லும் காலம் இது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமொன்று நம் நிலாவெளிப் பக்கத்திலேயே கோணேசபுரியில் இருக்கிறது. ஆயினும், வாசிப்பில் தளராத பிள்ளையும், ஊர் நிலையை நன்கறிந்த பிள்ளையும், ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் கால் தடுமாறுவதைக் காண்கிறோம். அங்கேதான் எண்கள் வந்து நிற்கின்றன. சிலர் ஆய்வையே கைவிடுகிறார்கள். சிலர் பணங்கொடுத்து வேறொருவரைக் கொண்டு அட்டவணை போடுவித்து, அதன் பொருள் தெரியாமலே கையொப்பமிடுகிறார்கள். முதலாவது நட்டம், இரண்டாவது அதனினும் பெரிய நட்டம்.

இச்சாத்திரம் நமக்குப் புறம்பானதென்று எவரும் எண்ண வேண்டா. இலங்கையில் 1871-இல் முதலாவது குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது தீவின் மக்கள் 2,400,380 பேர். 1901-இல் எடுத்தபோது 3,565,954 பேர். அந்த 1901-ஆம் ஆண்டுக் கணக்கை முன்னின்று நடத்தி அறிக்கை எழுதியவர் யார்? சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்த அதே கை, ஒரு தேசத்தின் தலைகளையும் எண்ணி எழுதியது. பக்திக்கும் எண்ணுக்கும் பகையில்லை என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

பாரதத்திலே கல்கத்தாவில் மகாலனோபிஸ் என்ற பேராசிரியர் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். 1933-இல் அவர் தொடங்கிய ஆய்வேட்டுக்கு இட்ட பெயர் 'சாங்க்யா'. எண் என்றும், தெளிந்த அறிவு என்றும் இரு பொருள் தரும் சொல் அது. அந்நிறுவனத்துக்கு 1941-இல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். யுத்த காலத்தில் உத்தியோகம் தேடிக் கல்கத்தா வந்து, அது கிட்டாமற்போகவே, இங்கே படிக்கலாமென்று சேர்ந்தவர். சி. ஆர். ராவ் என்பது அவர் பெயர். நான்கே ஆண்டுகளில், 1945-இல், அவர் எழுதிய கட்டுரையொன்றின் முடிவு இன்று உலகெங்கும் பாடநூல்களில் அவர் பெயராலே வழங்குகிறது. 2023-இல், நூற்றிரண்டாம் வயதில், அவர் காலமானார். உத்தியோகம் கிடைக்கவில்லையென்று சோர்ந்திருக்கும் வாலிபர் இவர் கதையை நினைவில் வைக்கட்டும்.

இனி, நம் வாசலிலேயே நடந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருக்கோணமலையும் அதனைச் சூழ்ந்த வறண்ட பிரதேசமும் ஒரு காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனவை. இங்குள்ள பெரியோர்கள் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறதென்று வைத்தியர்கள் கணக்கெடுப்பார்கள். அதுவே ஓர் ஊரின் மலேரியாவுக்கு அளவுகோல். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் டி.டி.டி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. 1946-இல் இலங்கையில் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு வீதம், 1947-இல் சுமார் 14 ஆக இறங்கியது. ஒரே ஆண்டில் இத்தனை வீழ்ச்சியைக் கண்டு உலகமே வியந்தது.

மருந்து தெளித்தார்கள், இறப்புக் குறைந்தது, ஆகவே மருந்தினாலே குறைந்தது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் ஆராய்ச்சியாளன் தேரை நிறுத்த வேண்டும். அதே காலத்தில் யுத்தம் முடிந்து உணவு நிலை சீரடைந்தது, வைத்தியசாலைகள் பெருகின. மலேரியா அதிகமில்லாத கொழும்புப் பகுதியிலும் இறப்புக் குறைந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காண்பதெப்படி?

பீற்றர் நியூமன் என்ற பொருளியல் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். மாவட்டந்தோறும் மண்ணீரல் வீக்க வீதம் எவ்வளவு, இறப்பு வீதம் எவ்வளவு குறைந்தது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். கட்டமிட்ட தாளிலே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புள்ளி இட்டு, அப்புள்ளிகளின் நடுவே பொருத்தமான ஒரு கோடு வரைந்தால், அதன் சரிவு நமக்கொரு செய்தி சொல்லும். மலேரியா மிகுந்திருந்த மாவட்டங்களிலே இறப்பும் மிகுதியாகக் குறைந்திருந்தால் கோடு மேல்நோக்கிச் சாயும். மலேரியாவே இல்லாத மாவட்டத்திலும் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைக் கோடு தொடங்கும் இடம் காட்டும். இதற்குத்தான் பிற்செலவுப் பகுப்பு என்று பெயர். 'ரிகிரஷன்' என்று கேட்டு அஞ்சுகிறீர்களே, அதன் உயிர் இவ்வளவே. இந்தப் புள்ளிகளுள் ஒன்று நம் திருக்கோணமலை என்பதை மறவாதீர்கள்.

யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட இறப்பு வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு நூற்றுக்குச் சுமார் 42 என்று நியூமன் கணித்தார். 1974-இல் கிறே என்ற அறிஞர், உணவு நிலையையும் கணக்கிற் சேர்த்து ஆராய்ந்து, அது நூற்றுக்குச் சுமார் 23 தான் என்றார். இருவரும் கற்றவர்; இருவரும் இதே நாட்டின் பதிவேடுகளையே பார்த்தவர். விடை மட்டும் வேறுபட்டது. காரணம், எதனை எதனோடு ஒப்பிடுவது, எந்தக் காரணியைக் கணக்கிற் சேர்ப்பது என்பதில் இருவர் தீர்மானமும் வேறு. எண்கள் தாமாகப் பேசுவதில்லை. கேட்கும் கேள்விக்கே பதில் சொல்கின்றன என்பதை இதிலிருந்து அறிகிறோம். தாம் கொண்ட தீர்மானத்தை ஒளியாமல் எழுதி வைத்ததால்தான் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்க முடிந்தது.

இக்கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1963-இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் போய்விட்டதென்று கவனம் தளர்ந்தது. 1969-இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னும் நெடுங்காலம் போராடி, 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. சிறிய எண்ணைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தினால் வரும் விளைவு இது.

நம்முடைய சொந்தப் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதுமாணிப் பட்டத்துக்காக நாம் ஆய்வு செய்த காலத்தில், சுனாமிக்குப் பின் கடற்றொழிலாளர் குடும்பங்கள் எந்த அளவுக்குத் தொழிலுக்குத் திரும்பியுள்ளன என்பதே நம் கேள்வி. விடியற்காலையில் கரைக்குப் போவோம். வள்ளம் இழுத்துக் கரையேறுபவர்களிடம் வினாக்கொத்தைக் காட்டிக் கேட்போம். நூற்றுக்கு மேற்பட்ட தாள்கள் சேர்ந்தன. கணக்கிட்டால், ஏறக்குறைய எல்லோரும் தொழிலுக்குத் திரும்பிவிட்டார்கள்! மகிழ்ச்சியோடு இருந்தோம். கரையிலே மீன் கழுவிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, நாம் எதற்காக வருகிறோம் என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, கடலுக்குப் போறவனிட்டப் போய்க் கடலுக்குப் போறியோ எண்டு கேட்டா, ஓம் எண்டுதானே சொல்லுவான். வள்ளம் போன சனம் இஞ்ச ஏன் வரப்போகுது? அதுகள் வீட்டிலயெல்லோ இருக்குதுகள்."

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வள்ளம் இழந்தவர், கணவனை இழந்தவர், ஊரை விட்டுக் கூலிவேலைக்குப் போனவர் ஒருவரேனும் நம் கணக்கில் இல்லை. மறுபடி தொடங்கினோம். கிராம உத்தியோகத்தரிடமிருந்த குடும்பப் பட்டியலைப் பெற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமிட்டு, குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிந்து, படியேறிச் சென்று கேட்டோம். முதற்கணக்கிற் கண்ட நன்னிலை பெரிதும் சுருங்கிப்போயிற்று. முதல் தாள்களை நம்பி அறிக்கை எழுதியிருந்தால், உதவி தேவையில்லையென்று எவரேனும் முடிவு செய்யவும் அது ஏதுவாயிருக்கும். எழுமாற்று மாதிரி என்பதன் பெருமையை ஆச்சி ஒருவரே நமக்கு உணர்த்தினார்.

இரண்டாம் யுத்த காலத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற பேரறிஞருக்கும் இவ்வாறான ஒரு கேள்வி வந்தது. போரிலிருந்து திரும்பிய விமானங்களின் குண்டுத் துளைகளை எண்ணிப் பலவீனமான பாகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். திரும்பி வராத விமானங்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் முடிவு தலைகீழாகும் என்பதை அவர் கண்டு, அதற்கேற்பக் கணித்தார். அவர் 1950-இல் பாரதத்துக்கு விரிவுரையாற்ற வந்து, நீலகிரி மலையில் விமான விபத்தில் மறைந்தார் என்பது உள்ளத்தை வருத்தும் செய்தி. அவர் கணிதத்தாற் கண்டதை நம் ஆச்சி அனுபவத்தாற் கண்டார்.

இனி, ஆராய்ச்சிக்குப் புகும் தம்பி தங்கையருக்குச் சில நடைமுறைகளைச் சொல்வோம்.

முதலாவது, கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை அளக்கிறோம், யாரிடத்தில் அளக்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு எழுத முடியாவிட்டால், எந்தக் கணக்கும் உங்களைக் காப்பாற்றாது.

இரண்டாவது, தரவு சேர்க்கு முன்னரே அறிந்தவரிடம் ஆலோசனை கேளுங்கள். 1938-இல் கல்கத்தாவில் நடந்த முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டிலே பிஷர் என்ற பேராசிரியர் இதனை வற்புறுத்தினார். எல்லாம் முடிந்தபின் கணக்கனிடம் ஓடுவது, பிரேத பரிசோதனைக்கு வைத்தியரை அழைப்பது போன்றது என்பது அவர் கருத்து. நோய் இன்னதென்று அவர் சொல்லலாம், உயிர் திரும்பாது.

மூன்றாவது, எளியவற்றை முதலில் ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து வள்ளங்கள் கரைக்கு வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்குத் தலைக்கு 2,000 ரூபா. ஒருவருக்கு மட்டும் 82,000 ரூபா. மொத்தம் ஓர் இலட்சம். சராசரி, அதாவது இடை, 10,000 ரூபா. அந்தக் கரையில் 10,000 ரூபா உழைத்தவர் ஒருவருமில்லை! வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதைப் பார்க்கும் இடையமோ 2,000 ரூபா. எந்த எண் அந்தக் கரையின் நிலையைச் சொல்கிறது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நியம விலகல் என்பதும் இத்தகைய ஏற்றத்தாழ்வை அளக்கும் கருவியே.

நான்காவது, மாதிரியின் பருமனை ஆசையால் தீர்மானிக்க வேண்டா. எழுமாற்றாகத் தெரிந்த 100 பேரிடம் கேட்டு, பாதிப்பேர் ஆம் என்றால், உண்மை நிலை அதற்கு மேலோ கீழோ நூற்றுக்கு ஏறக்குறைய 10 வரை விலகியிருக்கலாம். அவ்விலகலைப் பாதியாக்க 200 பேர் போதாது. 400 பேர் வேண்டும். ஐயத்தைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்கு. ஆனால், கரையில் நின்று கேட்ட நம்முடைய முதற்கணக்கைப் போல் தெரிவே கோணலாயிருந்தால், பத்தாயிரம் பேரிடம் கேட்டும் பயனில்லை. சிறிய மாதிரியென்று வெட்கப்படவும் வேண்டா. டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த கொசெற் என்பவர், சிறு மாதிரிகளைக் கையாளும் முறையை 1908-இல் வெளியிட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஸ்ரூடன்ற்', அதாவது மாணவன். நமக்கும் அப்பெயர் பொருந்தும்.

ஐந்தாவது, பொருண்மைச் சோதனையைத் தெய்வமாக்காதீர்கள். 0.05 என்ற எண்ணுக்குக் கீழே வந்தால் வெற்றி, மேலே போனால் தோல்வி என்று மாணவர் பலர் எண்ணுகிறார்கள். வித்தியாசமே இல்லையென்று கொண்டால், நாம் கண்டது போன்றதோ அதனினும் பெரிதோ ஆன வித்தியாசம் தற்செயலாக வருவது எவ்வளவு அரிது என்பதையே அவ்வெண் சொல்கிறது. வித்தியாசம் பெரிதா, பயனுள்ளதா, எதனால் வந்தது என்பதை அது சொல்வதில்லை. 2016-இல் அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கமே இது குறித்து ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட நேர்ந்தது. வித்தியாசத்தின் அளவையும் அதன் நம்பிக்கை ஆயிடையையும் சேர்த்தே எழுதுங்கள். இருபது சோதனை செய்து, வாய்த்த ஒன்றை மட்டும் எழுதுவது, இருபது தடவை கவறு உருட்டி, வென்ற ஒன்றை மட்டும் ஊருக்குச் சொல்வதற்குச் சமம்.

ஆறாவது, பத்து எண்களைக் கொண்டு ஒவ்வொரு கணக்கையும் ஒருமுறை கையாலே செய்துவிட்டு, பின்பு கணினிக்குச் செல்லுங்கள். விலைகொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லையே என்ற கவலை இக்காலத்தில் வேண்டா. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆசிரியர் இருவர் தொடங்கிய 'ஆர்' என்ற மொழி இலவசமாகக் கிடைக்கிறது. உலகின் பேராசிரியர்களும் அதனையே கையாளுகிறார்கள். கணினி கேட்டதைச் செய்யும். கேட்டது முறையா என்று சொல்லாது. வாரத்தில் ஒரு மாலை நாலைந்து பேர் கூடியிருந்து கற்றால், தனியே ஆறு மாதம் திணறுவது ஆறு வாரத்தில் தெளியும். நம் சங்க மண்டபம் அதற்கு இடங்கொடாதா?

பெரியோர்களே, இறுதியாக உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1981-இல் நம் மாவட்டத்தில் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. அப்போது மக்கள் சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம். 1991-இல் எடுக்கப்பட வேண்டியது நடைபெறவில்லை. 2001-இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுக்க முடிந்தது; முடியாத ஏழில் நம்முடையதும் ஒன்று. 2012-இலே மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டோம். சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இடையிலே 31 ஆண்டு. யுத்தமும் இடப்பெயர்வும் சுனாமியும் கடந்த அந்த ஆண்டுகளில், யார் இருந்தார், யார் போனார், யார் வந்தார் என்பதற்கு முழுமையான கணக்கில்லை. எண்ணப்படாதவர் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வீதிக்கும் திட்டம் தீட்டுபவர் கண்ணில் படுவதில்லை. 2024-இல் மறுபடி நாடு முழுவதும் கணக்கெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களை வாசித்து விளக்கவும், இடைவெளியான ஆண்டுகளை ஆராய்ந்து நிரப்பவும், இந்த மண்ணிலே பிறந்தவர்கள் வேண்டாமா?

ஒன்றை மாத்திரம் அழுத்திச் சொல்லுகிறோம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடி வாழும் மாவட்டம் இது. இங்கே எண்ணைப் போல் எளிதில் ஆயுதமாகக் கூடியது வேறில்லை. நம் பக்கத்துக்கு இசைந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, இசையாததை மறைக்கும் சபலம் எவருக்கும் வரும். கற்றவருக்கு அதிகம் வரும். அவ்வாறு மறைத்துப் பெற்ற வெற்றி நிலையாது. நாளைக்கு நாம் சொல்லும் மெய்யையும் ஒருவரும் நம்பார். நமக்குப் பாதகமான எண்ணையும் மறையாமல் எழுதும் ஆராய்ச்சியாளனே சத்தியத்தின் பக்கம் நிற்பவன்.

விபுலானந்த அடிகள் நம் இந்துக் கல்லூரிப் பொறுப்பை ஏற்று நடத்திய பெரியார். விஞ்ஞானப் பட்டதாரி, கணிதம் வல்லவர், 1947-இல் வெளிவந்த தம் யாழ் நூலில் இசையின் சுருதிகளையே எண்களாக ஆராய்ந்து காட்டினார். துறவும் தமிழும் கணிதமும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கலாம் என்பதை இந்த ஊர் கண்ணாற் கண்டிருக்கிறது. அவர் நடந்த மண்ணிலே இருந்துகொண்டு, எண் நமக்கு வராது என்று ஒரு பிள்ளை சொல்லலாமா?

வாலிபர்களே, தேரை நிறுத்தி இறங்கி எண்ணுங்கள். எண்ணின் மறையை நளன் அறிந்த கணத்திலே கலி அவனை விட்டு நீங்கியது. அறியாமையும் அச்சமும் ஆகிய கலி உங்களை விட்டும் நீங்குவதாக. அடுத்த ஆண்டு மலரிலே உங்களில் ஒருவர் நம் ஊரைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியை, அட்டவணையோடு வாசிக்க விரும்புகிறோம். அதிலே பிழையிருந்தால் கண்டுபிடித்துச் சொல்லவும் காத்திருக்கிறோம்.